மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, காப்பர்-டி போடலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறேன். குழந்தைக்கு இரண்டு வயது. கருத்தடை மாத்திரை போட்டால் கண்ணில் மின்னல் வெட்டி மண்டையைப் பிளக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி வயிற்றுக்குள் ஏறிவிடும் என்கிறார் மாமியார். மாதவிலக்கு ஏற்கெனவே அதிகம்; ரத்தம் 9 கிராம்தான்.
- வாசகி, ஆம்பூர்

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் தங்கச்சி. மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும்.

மாமியார் பயம் முழுப் பொய்யல்ல. போடும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது உண்டு, ஆயிரத்தில் ஒருவருக்கு. எனக்கு அதைவிட உங்கள் 9 கிராம்தான் கவலை. காப்பர்-டி போட்ட முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடும். நாள் முழுக்க மெஷின் முன் உட்காருபவர் தாங்கமாட்டீர்கள். முதலில் இரும்புச்சத்து மாத்திரை. டீயோடு விழுங்காதீர்கள்!

ரத்தம் ஏறும்வரை ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரை பற்றிக் கேளுங்கள். லக்னோ ஆய்வகத்தில் உருவானது, ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாதவிலக்கு தள்ளிப்போகலாம், பதறாமல் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள். சினைப்பை நீர்க்கட்டியோ, சமீபத்தில் மஞ்சள்காமாலையோ இருந்தால் வேண்டாம்.

ஆணுறைக்குப் பக்கவிளைவு அநேகமாக இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ஒருநாள்கூட ‘மறக்க’க் கூடாது.