அறிவியல் படிப்புக்கான சேர்க்கை நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

இயற்பியல் படிக்க விண்ணப்பித்து, கடும் போட்டி உள்ள பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது; இனி எந்தப் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எதுவும் வேண்டாம் என்பேன். பள்ளிப் பாடத்தில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் முழுவதையும் வாய்விட்டு யோசிக்கப் பழகுவதற்குக் கொடுங்கள். இப்படிப் பலரைத் தயார் செய்திருக்கிறேன். நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுவது இங்கேதான்: மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு விடையை மட்டும் சொல்வார்கள். எதிரில் இருப்பவருக்குத் தேவை அந்த நடுப்பகுதி.

ஓர் உதாரணம். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வரும் சார்பின் கிராஃபை வரையச் சொல்கிறார்கள். உடனே பேனாவை ஓட்டாதீர்கள், பேசுங்கள். "எக்ஸுக்குப் பதில் மைனஸ் எக்ஸ் போட்டாலும் மதிப்பு மாறவில்லை, அதனால் இடமும் வலமும் ஒரே மாதிரி. பூஜ்ஜியத்தில் 0/0 வருகிறது. ஆனால் சிறிய கோணத்துக்கு சைன் எக்ஸ் கிட்டத்தட்ட எக்ஸேதான், ஆகவே 1-ஐ நெருங்கும். பை, 2 பை, 3 பை என்று அச்சை வெட்டும். போகப்போக அலையின் உயரம் குறையும்." இதுவரை நிறைய பேர் வந்துவிடுவார்கள்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி: வலப்பக்கம் முதல் பள்ளம் எங்கே? 3 பை/2 என்று சட்டென்று சொல்லத் தோன்றும், சைன் அங்கேதானே −1. "சரியாக அங்கேயேவா?" என்று திருப்பிக் கேட்பார். இங்கே பதற வேண்டாம். அந்த இடத்தில் சைன் ஒரு கணம் தட்டையாக இருக்கிறது, கீழே வகுக்கும் எக்ஸோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் வளைவு அங்கே ஏற்கெனவே மேலேறத் தொடங்கியிருக்க வேண்டும். பள்ளம் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது. வகையிட்டுப் பார்த்தால் டேன் எக்ஸ் = எக்ஸ் என்று வரும். விடை சுமார் 4.49, 3 பை/2 என்பது 4.71. அந்த 4.49 யாருக்கும் தேவையில்லை. முன்னால் என்பதும் ஏன் என்பதும் போதும். ஒற்றைப் பிளவில் வரும் விளிம்பு விளைவின் (குறுகிய இடைவெளி வழியே போகும் ஒளி விரிந்து பரவுவது) ஒளிச்செறிவு இதே சார்பின் வர்க்கம்தான் என்று நீங்களாகவே சொன்னால், பேச்சு அங்கிருந்து அழகாக இயற்பியலுக்குள் போகும்.

தோராயக் கணக்குகளும் கட்டாயம் வேண்டும். ஓர் அறையில் இருக்கும் காற்றின் எடை என்ன? 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 50 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.2 கிலோ, ஆக 60 கிலோ. காற்றின் அடர்த்தி நினைவில் இல்லையா? ஒரு மோல் வாயு அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர், காற்றின் ஒரு மோல் 29 கிராம், அதிலிருந்து எடுத்துவிடலாம். நினைவில் இல்லாததைத் தெரிந்ததிலிருந்து வரவழைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

குறிப்பு கொடுத்தால் மதிப்பெண் போச்சு என்று நினைக்காதீர்கள். உங்களோடு சேர்ந்து வேலை செய்யத்தான் கொடுக்கிறார்கள். கிடைத்ததும் கையிலிருந்த வழியை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறீர்களா என்பதும் கவனிக்கப்படும். தெரியாத சொல் வந்தால் "இது எனக்குத் தெரியாது, என்ன அர்த்தம்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் படித்ததாக எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பப் புரட்டுங்கள், கேள்வி அங்கிருந்தும் வரும். உங்களை அதிகம் தெரியாத ஓர் ஆசிரியரிடம் சில மாதிரி நேர்காணல்களுக்கு உட்காருங்கள்; நண்பர்கள் பாதியிலேயே தலையாட்டிவிடுவார்கள். நேர்காணல் ஆன்லைனில் என்றால், எழுதுவதை அவர்களுக்கு எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்பதையும் முன்பே ஒத்திகை பாருங்கள்.