பொண்ணு பிராஞ்ச் மேனேஜர் ஆயிட்டா, ஆனா அழுவுறா

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவ கேட்டேன். பேங்க் ஆபீசர் வேலைக்கான பிஓ பரீட்சை எழுதி பாஸாகி மூணு வருஷம் நல்லா போயிட்டிருந்த பொண்ணு, கிராமத்து பிராஞ்ச்ல மேனேஜரா போட்டதுலேர்ந்து நைட்டு ஒம்பது மணிக்கு வந்து சாப்பிடாம படுத்துக்கிறா, ரிசைன் பண்ணவான்னு கேக்குறா. நானும் பேங்க்ல குப்பை கொட்டுனவன்தான், அதனால சொல்றேன், அவசரப்படாதீங்க.

ஒம்பது மணி வரைக்கும் அங்க என்ன பண்றான்னு கேட்டீங்களா? கிளர்க் அஞ்சு மணிக்கு கிளம்பிடுவார், மிச்ச வவுச்சர், லோன் என்ட்ரி, கேஒய்சி பெண்டிங் எல்லாத்தையும் இவ இழுத்துப் போட்டு செய்வா. நல்லா வேலை செய்றவங்களுக்கு வர்ற வியாதி இது, சொல்லி வாங்குறதுக்குள்ள நாமளே முடிச்சிடலாம்னு தோணும். நாலு நாள் வேலை தப்பாவோ லேட்டாவோ நடந்தாலும் பரவால்ல, அவரவர் வேலையை அவரவர்ட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.

அம்பத்தஞ்சு வயசு ஹெட் கேஷியர் மதிக்க மாட்டேங்கிறார்னு சொன்னீங்க. ட்ரான்ஸ்ஃபர் வரும்னு ப்ரமோஷனே வேணாம்னு அதே ஊர்ல இருந்துட்டவரா இருப்பார், அப்படி நிறைய பேர் உண்டு. ஆனா யார் கடன் கட்டுவான், யார் இழுத்தடிப்பான்னு அவருக்குத்தான் தெரியும். காலைல எஸ்எம்ஏ லிஸ்ட்டை, அதாவது தவணை கட்டாம நிக்கிற கடன் கணக்கு லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு, அதுலயும் 60 நாள் தாண்டுன கணக்கை மொதல்ல (90 நாள் தாண்டுனா பொதுவா என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிடும்), இவளே அவர் சீட்டுக்குப் போய், சார் இதுல யாரை மொதல்ல பாக்கலாம்னு கேக்கட்டும். கேபினுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டா பதில் வராது.

மரியாதை வேற, சாவி வேற, இதை மட்டும் அவகிட்ட அழுத்திச் சொல்லுங்க. கேஷ் சேஃப் ரெண்டு பேர் சாவியில திறக்குறது, அவர் எவ்ளோ பெரியவரா இருந்தாலும் இவ சாவி அவர் கைக்குப் போகக் கூடாது, பாஸ்வேர்டும் அப்படித்தான். நான் புதுசுல சாப்பிடப் போற அவசரத்துல பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போய், ஆறு மாசம் கழிச்சு விளக்கம் கேட்டு லெட்டர் வந்து தூக்கம் போச்சு. அதே மாதிரி நகைக்கடன், நகைய மதிப்பு போடுற அப்ரைசர் எடை போட்டு எழுதிக் குடுத்தாலும் பொட்டலத்தை சீல் வைக்கும்போது இவ பக்கத்துல நிக்கணும். தெரிஞ்சவர்தானேன்னு கையெழுத்து போட்டு மாட்டுனவங்களை நான் பாத்திருக்கேன், அவங்கள்ல திருடனே கிடையாது.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு, பதினொரு மணிக்கு போன் பண்ணி சாப்டியா சாப்டியான்னு கேக்காதீங்க, கவுன்ட்டர்ல கூட்டம் நிக்கிற நேரம் அது. மார்ச் முடியுற வரைக்கும் ரிசைன் பேச்சே வேணாம், இயர் எண்டிங் டார்கெட் சூட்டுல எடுக்குற முடிவு சரியா இருக்காது. ஏப்ரல்லயும் அதே நெனப்புதான்னா அவளையே எனக்கு பேசச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல இல்லாம.