பாக்டீரியா செல்களை உடைத்தபின் கிடைக்கும் துகள் அளவுத் தரவை எந்த மென்பொருளில் பகுப்பாய்வு செய்வது?

மண்டபம் ஊர்க் கடல்நீரிலிருந்து பிரித்த விப்ரியோ என்னும் பாக்டீரியாவைச் சோனிக்கேட்டரில் (மீயொலியால் செல்களை உடைக்கும் கருவி) உடைத்து, லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு துகள் அளவை அறியும் லேசர் விளிம்புவிளைவுக் கருவியில் அளந்ததாகவும், கருவியின் மென்பொருள் தரும் சராசரி விட்டத்திலிருந்து உடைந்த செல்களின் விழுக்காட்டை அறிய முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சராசரி இங்கே பயன்படாது. உடையாத செல்கள் 1 மைக்ரோமீட்டரை ஒட்டியும் சிதைவுகள் அதைவிடச் சிறிதாகவும் இரு குவியல்களாக அமைவதால், அளவு வகுப்பு அட்டவணையை (ஒவ்வோர் அளவு வரம்பிலும் எவ்வளவு துகள் என்பதை) கருவியிலிருந்து ஏற்றுமதி செய்து, இரண்டு லாக்நார்மல் பரவல்களின் (மடக்கை எடுத்தால் மணி வடிவம் பெறும் பரவல்கள்) கூட்டாகப் பொருத்த வேண்டும். இதற்கு ஆர் மொழியின் மிக்ஸ்டிஸ்ட் தொகுப்பும் பைத்தான் மொழியின் சைபை (SciPy) நூலகமும் போதும், இரண்டும் இலவசம். உடைக்காத மாதிரியை முதலில் அளந்து, அதன் சராசரியையும் அகலத்தையும் பெரிய குவியலுக்கு மாறிலிகளாக வைத்தால் பொருத்தம் தடுமாறாது.

துகள்களின் எண்ணிக்கையை அல்ல, ஒவ்வோர் அளவிலும் உள்ள துகள்களின் மொத்தக் கன அளவைக் காட்டும் கன அளவுப் பரவலிலேயே கணக்கிடுங்கள். 0.1 மைக்ரோமீட்டர் துண்டின் கன அளவு 1 மைக்ரோமீட்டர் செல்லினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், எண்ணிக்கைப் பரவலுக்கு மாற்றும்போது சிறு பிழையும் பெரிதாக ஊதிவிடும். தவிர, கரைந்து வெளியேறிய புரதம் துகளாகத் தென்படாது. ஆகவே உடையாத பங்கு உண்மையைவிடக் கூடுதலாகவே தோன்றும். சாயத்தின் நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில், கரைந்து வெளியேறிய புரத அளவையும் ஒப்பிடுவது நல்லது.

எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு: கடல் பாக்டீரியாவைக் காய்ச்சி வடித்த நீரில் நீர்த்தால், ஊடுபரவல் அழுத்தத்தாலேயே பல செல்கள் வெடித்துவிடும். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த கடல்நீரைப் பயன்படுத்துங்கள்; அதற்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை.