ஓஸ் நாட்டின் இரண்டாம் எழுத்தாளர்: கேள்வி பதில்

கேள்வி: ஓஸ் என்ற மாய நாட்டைப் பற்றிய சிறுவர் நாவல்களை எழுதிய எல். ஃபிராங்க் பாம் இறந்த பிறகும் அந்தத் தொடர் ஏன் நிற்கவில்லை?

பதில்: சிகாகோவின் ரெய்லி அண்ட் லீ பதிப்பகம் ஆண்டுக்கு ஒரு ஓஸ் புத்தகத்தை நம்பியிருந்தது. பாம் 1919 மே மாதம் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த 14ஆவது நாவல் 1920இல் வந்தது. அடுத்த ஆண்டுக்குக் கைவசம் ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு வந்த ரூத் பிளம்லி தாம்சன், ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றின் ஞாயிறு சிறுவர் பக்கத்தைக் கவனித்துவந்தவர். கெடு தவறாமல் கதையும் பாட்டும் எழுதிப் பழகியவர். 1921 முதல் 1939 வரை ஓராண்டும் விடாமல் 19 புத்தகங்கள் தந்தார்.

கேள்வி: 1921 புத்தகத்தின் அட்டையில் பாம் பெயர் இருக்கிறதே, பாதி அவருடையதா?

பதில்: இல்லை, முழுக்கத் தாம்சனுடையது. பாமின் குறிப்புகளை விரித்து எழுதியது என்று பதிப்பகம் போட்டது விற்பனைக்காக.

கேள்வி: குழந்தைகள் புதியவரை ஏற்றுக்கொண்டது எப்படி?

பதில்: பெரிய காரணம் ஓவியர் ஜான் ஆர். நீல். 1904இல் இரண்டாம் புத்தகத்திலிருந்து வரைந்தவர் அவர்தான். எழுதும் கை மாறியும், கதையில் நடமாடும் சோளக்கொல்லைப் பொம்மையின் முகம் மாறவில்லை. தாம்சன் பாமைப் போலி செய்யவும் இல்லை. வேகம், சொல் விளையாட்டு, குட்டி ராஜ்ஜியங்கள், இளவரசர்கள் என்று தன் சரக்கைக் கொண்டுவந்தார். 1922இல் அவர் படைத்த கபும்போ என்ற அரண்மனை யானை, பாமின் பாத்திரங்களுக்குச் சமமாக நிற்கிறது. ஆனால் தாம்சனின் முதல் புத்தகத்தில் வரும் வெள்ளித் தீவில் சீனர்களைக் கேலிச்சித்திரமாக்கியது இன்று உறுத்துகிறது. குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவதானால் கபும்போ வரும் 1922 புத்தகத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: நானும் ஓஸ் கதை எழுத நினைக்கிறேன். எதில் கவனம் தேவை?

பதில்: முதலில் பாமின் புத்தகங்களில் உள்ள முரண்பாடுகளைப் பட்டியல் போடுங்கள். 1900 நாவலில் குழந்தைகள் பச்சைக் காசு கொடுத்துப் பச்சை எலுமிச்சைச் சாறு வாங்குகிறார்கள். 1910 நாவலிலோ ஓஸில் பணமே கிடையாது. ஓஸின் ஒரு பகுதியான மன்ச்கின் நாடு கதையில் கிழக்கே, 1914இல் வெளியான ஓஸ் வரைபடத்தில் மேற்கே. எதைப் பின்பற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பாதிக் கதையில் பயணத் திசையே குழம்பும். நான் கதையின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்து உரிமை. அமெரிக்காவில் பாமின் ஓஸ் நாவல்கள் எல்லாமே காப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியவை. கதாநாயகிச் சிறுமி டாரதிக்குச் சிவப்புக் காலணி மட்டும் போட்டுவிடாதீர்கள். அது 1939 திரைப்படத்தில் வந்தது, நாவல்களின் உரிமையில் சேராது. நாவலில் அவை வெள்ளிக் காலணிகள்.