16 கோர் இருந்தும் ஏன் இந்த மந்தம்? – வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கட்டடக்கலை அலுவலகத்துக்கு 16 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட செயலியும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் உள்ள புதிய கணினியை வாங்கினோம். ஆனால், ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பெரிய முப்பரிமாண மாதிரி ஒன்றில் ஒரு சுவரை நகர்த்தினால் பழைய கணினியில் ஆன நேரமே இதிலும் ஆகிறது. கோளாறு கணினியிலா, மென்பொருளிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. பொருத்தம் பார்க்காமல் வாங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். ரெவிட்டில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடுகள் அல்ல. அதை நகர்த்தினால் அதில் பதிந்திருக்கும் கதவும், அதை ஒட்டி நிற்கும் தளமும், அறையின் பரப்பளவும், அட்டவணையில் உள்ள எண்ணும் ஒன்றையடுத்து ஒன்றாக மாற வேண்டும். முந்தைய கணக்கு முடியாமல் அடுத்த கணக்கைத் தொடங்க முடியாது என்பதால், இந்த வேலையின் பெரும்பகுதியை ஒரே ஒரு கோர்தான் சுமக்கிறது. மற்றவை வேடிக்கை பார்க்கின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரை நகர்த்தியதும் திரை வெளுத்து உறையும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். செயலியின் மொத்தப் பயன்பாடு 6 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 16இல் ஒரு பங்கு 6.25 சதவீதம், ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் கணக்கிடும் செயலி என்றால் அதிலும் பாதிதான் தெரியும். ஆகவே மாதிரி அமைக்கும் மேசைக்கு, கோர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடும் செயலியே ஏற்றது. நினைவகத்தைப் பொறுத்தவரை, கோப்பின் அளவைப்போல் சுமார் 20 மடங்கு வேண்டும் என்பது ரெவிட் பயன்படுத்துவோரிடையே நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 500 எம்.பி. கோப்புக்கு 10 ஜி.பி. ஆகிறது, இணைத்திருக்கும் மற்ற மாதிரிகளையும், கூடவே திறந்திருக்கும் பிற மென்பொருள்களையும் சேர்த்தால் 32 ஜி.பி. ஆடம்பரம் அல்ல.

அந்த 16 கோர்களும் வீண் என்று எண்ண வேண்டாம். வி-ரே, கொரோனா போன்ற மென்பொருள்களில் செயலியைக் கொண்டு ரெண்டரிங் (மாதிரியை நிஜம்போன்ற படமாக்குதல்) செய்யும்போது, படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாகக் கொடுக்க முடிவதால், அத்தனையும் முழு மூச்சாக உழைக்கும். என்ஸ்கேப், லூமியன், ட்வின்மோஷன் ஆகிய ரெண்டரிங் மென்பொருள்களோ கிராபிக்ஸ் கார்டையே நம்பி இருக்கின்றன. 2018இல் என்விடியா நிறுவனம் ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிடுவதற்கென்றே தனிப் பகுதி கொண்ட ஆர்.டி.எக்ஸ். கார்டுகளைக் கொண்டுவந்த பிறகு, இரவு முழுவதும் காத்திருந்து பெற்ற படத்தை இப்போது கட்டடத்துக்குள் நடப்பதுபோலவே உடனுக்குடன் பார்க்க முடிகிறது. அங்கே கவனிக்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகத்தை. தோட்டம் நிறைய மரங்களை நட்டுவிட்டு, அந்த நினைவகம் நிரம்பியதும் மென்பொருள் மூடிக்கொள்கிறதே என்று வருந்துவோர் பலர். புதிய கணினியை ரெண்டரிங்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நில அளவை வரைபடத்தை அதன் உண்மையான ஆயத்தொலைவுகளோடு அப்படியே உள்ளே இழுத்திருக்கிறீர்களா? ரெவிட் தன் உள் தொடக்கப் புள்ளியிலிருந்து 10 மைல், அதாவது சுமார் 16 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் துல்லியத்துக்கு உறுதி தருகிறது. அதைத் தாண்டினால் கோடுகள் நடுங்கும், நிரப்பல் கோலங்கள் சிதையும். அந்த நோய்க்கு எந்தச் செயலியும் மருந்தாகாது.

கேள்வி: கட்டடக்கலை படிக்கச் சேரும் நான் மேக் மடிக்கணினி வாங்கலாமா?

பதில்: உங்கள் கல்லூரியில் ரெவிட் கட்டாயம் என்றால் வேண்டாம், அதற்கு மேக் பதிப்பு இல்லை. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கியதிலிருந்து, அதே கணினியில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நிறுவிக்கொள்ளும் பழைய உத்தியும் புதிய மேக்குகளில் செல்லாது. ஆர்க்கிகேட், வெக்டர்வொர்க்ஸ், ரைனோ, ஸ்கெட்ச்அப் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் சந்தா கட்டி மாளவில்லை. சந்தாவை நிறுத்திவிட்டால் இத்தனை ஆண்டு வரைந்த கோப்புகள் என்ன ஆகும்?

பதில்: கோப்புகள் உங்களுடையவையே, திறக்கும் சாவிதான் வாடகைக்கு வந்தது. 2016இல் ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் புதிய நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்தியதிலிருந்து இந்தக் கவலை எல்லா நாடுகளிலும் கேட்கிறது. 2020இல் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல ஒன்று சேர்ந்து, ரெவிட்டின் செலவு ஏறுகிறதே தவிர வளர்ச்சி அதற்கு ஈடாக இல்லை என்று அந்நிறுவனத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதின. போதாக்குறைக்கு, ரெவிட்டின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. கட்டடம் 50 ஆண்டு நிற்கிறது. அதன் கோப்பு அடுத்த பதிப்பு வரைக்கும்தான் நிம்மதியாக இருக்கிறது.

எனவே சந்தா உயிரோடு இருக்கும்போதே, முடிந்த ஒவ்வொரு பணியையும் மூலக் கோப்போடு ஐ.எஃப்.சி., டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் வரைபடக் கோப்பு), பி.டி.எஃப். ஆகிய வடிவங்களிலும் சேமித்து வையுங்கள். ஐ.எஃப்.சி. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம், 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: கதவு, அதன் அளவு, அது எந்தச் சுவரில் உள்ளது என்பவை தங்கும், சுவரை நீட்டினால் கதவு எப்படி நகர வேண்டும் என்று நீங்கள் வகுத்த விதி தங்காது. வேறு மென்பொருளில் திறந்து படிக்கலாம், அளக்கலாம். பழையபடி உரிமையோடு திருத்த முடியாது. சேமித்த கையோடு, பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் இயங்கும் இலவச இணைப்பான போன்சாயிலோ, 2024இல் 1.0 பதிப்பைத் தொட்ட ஃப்ரீகேட் என்னும் இலவச வடிவமைப்பு மென்பொருளிலோ ஒருமுறை திறந்து சரிபார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நான் பிரதியாகவே கணக்கில் கொள்வதில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் முகப்புப் படங்களை அப்படியே மாதிரியாக்க முடியுமா?

பதில்: முடியாது. அது தருவது படம். அதில் அளவு இல்லை. படிக்கட்டு ஒன்று அழகாக வளைந்து மேலேறும். படிகளை எண்ணினால் ஒன்று உயரமாகவும் அடுத்தது பாதியாகவும் இருக்கும், மேலே போய்ச் சேரும் இடத்தில் கதவும் இராது. வாடிக்கையாளரின் விருப்பத்தை முதல் சந்திப்பில் அறிந்துகொள்ள அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் படத்தைக் காட்டும்போதே இது வடிவமைப்பு அல்ல என்று சொல்லிவிடுங்கள். பின்னர் அந்தப் படிக்கட்டைக் கட்டித் தரச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.