கையை வீசிக்கொண்டு கிளம்புவது

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. கோவையில் மென்பொருள் வேலையில் இருந்தேன், விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வடக்கே கிளம்புகிறேன். திட்டம் எதுவும் இல்லை. முன்பதிவில்லாத ரயில் பெட்டி, லாரி, நடை, அவ்வளவுதான். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கும். அதையும் செலவழிக்காமல் திரும்பிவர வேண்டும் என்று ஆசை. போகிற இடத்தில் மக்கள் சோறும் படுக்க இடமும் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள், அம்மா அழுகிறார். இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா? பாதுகாப்பு எப்படி? நீங்கள் நர்மதைக் கரையில் நடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு என்ன சொல்வீர்கள்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கிளம்புங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இந்தி பத்து நாளில் வாயில் ஒட்டிக்கொள்ளும். அம்மாவிடம் ராத்திரி ராத்திரி போனில் பேசுங்கள். லாரியில் ஏறுமுன் ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்று பாருங்கள். சரி, அதெல்லாம் முடிந்தது.

‘அதையும் செலவழிக்காமல்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது. போனைத் திறந்தால் ஒரு பையன் ‘ஒரு ரூபாய் இல்லாமல் காஷ்மீர்’ என்று கிளம்பியிருக்கிறான். கையில் இருக்கும் கேமராவை விற்றால் ஒரு கிராமமே ஒரு மாதம் சாப்பிடலாம். அவன் போய் நிற்பது யார் வாசலில் என்று பார்த்திருக்கிறீர்களா? பங்களா வாசலில் நிற்பதில்லை. அங்கே காவலாளி விரட்டிவிடுவான். தகரக் கூரை வீட்டு வாசலில்தான் நிற்கிறான்.

நர்மதையைச் சுற்றி வருகிறவர்கள் ஆற்றை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், எங்கேயும் குறுக்கே கடக்கக் கூடாது. 1312 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. ஒரு கரையில் கடல்வரை போய் மறுகரையில் திரும்ப வேண்டும். முறைப்படி நடந்தால் மூன்று வருடம், மூன்று மாதம், பதின்மூன்று நாள் என்பார்கள். சாப்பாடு வழியிலுள்ள ஊர்க்காரர்கள் பொறுப்பு. கோவிலிலோ ஆசிரமத்திலோ மாவு, பருப்பு, உப்பு என்று பச்சையாக அளந்து கொடுப்பார்கள். அதற்கு சதாவிரதம் என்று பெயர். இல்லாத ஊரில் யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

மத்தியப் பிரதேசத்துப் பட்வானி போய்ச் சேர்வதற்கு முன்னால், தென்கரையில், அப்படி ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். நாங்கள் நான்கு பேர். வழியில் ஒட்டிக்கொண்ட ஒரு நகரத்துப் பையனும் அதில் உண்டு. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்கட்டு தெரிந்தது. அந்த அம்மா மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு மகளிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எங்கள் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாக ஓடி, அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு வந்தாள். மக்காச்சோள ரொட்டி, பருப்பு, இடித்த பச்சை மிளகாய். அந்தப் பையன் ரொட்டி பிரமாதம் என்று ஆறாவதையும் கேட்டு வாங்கினான். கடைசியில் அந்த அம்மா பாலில்லாத டீயைக் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். வெளியே வந்ததும் அவன் என்னிடம் சொன்னான், “பாத்தீங்களா சார், உலகத்துல காசே தேவையில்லை.”

அவனை அங்கேயே திட்டினேன். உங்களையும் திட்டுகிறேன். காசு தேவைப்பட்டது. அடுத்த வீட்டுக்குப் பட்ட கடனாக அது அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பக்கத்து ஊர்களின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் நர்மதையின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணை முதன்முறையாக 138.68 மீட்டர் முழு மட்டத்துக்கு நிரம்பியது. பட்வானி மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களுக்குள் தண்ணீர் ஏறியது. பல தலைமுறையாக வழிப்போக்கனுக்கு ரொட்டி சுட்ட வீடுகள் அவை. நிவாரணத்துக்காக அவர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தபோது எந்தப் பயணியும் மாவு கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

திட்டமில்லாமல் போவதாகச் சொல்கிறீர்கள். நல்லது. நீங்கள் அப்படிப் போக முடிவதே வேறு யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு வைத்ததால்தான். தஞ்சாவூர் சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவற்றில் கைவைத்துவிடுவார்களோ என்று பயந்து சரபோஜி மன்னர் 1801-இல் கம்பெனியின் பிரதிநிதியான ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் நடப்பதை அதில் விவரிக்கிறார். ராமேசுவரம் போகிற வழிப்போக்கர்களுக்குச் சாதி பார்க்காமல் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும். நடுராத்திரி ஒரு மணி அடிப்பார்களாம்: இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவுவார்களாம். அந்த மணியை அடிக்க ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும் இல்லையா? அவனுக்குச் சம்பளம், சமையல்காரருக்குச் சம்பளம், அரிசிக்கு நிலம். எல்லாவற்றுக்கும் மானியம் எழுதிவைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வடக்கே போவதற்கு முன்னால் ஒரு நாள் அதைப் போய்ப் பாருங்கள். கோவையிலிருந்து ஒன்றும் தூரமில்லை.

இன்றைக்கு அதற்குச் சமமானது சீக்கியர்களின் கோவிலான குருத்வாராதான். அங்கே நடக்கும் பொதுப் பந்திக்கு லங்கர் என்று பெயர். லங்கரில் தாராளமாக உட்காருங்கள், அது எல்லோருக்கும் போடுகிற சோறு. இமாசலத்தில் மணிகரண் குருத்வாராவுக்குப் போனால் வெந்நீர் ஊற்றிலேயே அரிசி வேகவைப்பதைப் பார்க்கலாம். ஆனால் சாப்பிட்டுவிட்டு தட்டை வைத்துவிட்டு நழுவாதீர்கள். பின்னால் பாத்திரம் கழுவும் இடம் இருக்கும், பூண்டு உரிக்கும் கூட்டம் இருக்கும். அரை நாள் அங்கே உட்காருங்கள். இந்தியும் பஞ்சாபியும் அங்கேதான் வரும். தங்கவிட்டால் ஓரிரண்டு ராத்திரியோடு கிளம்பிவிடுங்கள், அடுத்தவனுக்கு அந்தப் பாய் வேண்டும்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். போகாமல் இருப்பது அவமரியாதை. ஆனால் காசை நீட்டாதீர்கள், முகம் சுருங்கிவிடும். ஊருக்குள் நுழையும்போதே கடையில் இரண்டு கிலோ மாவு, கால் கிலோ டீத்தூள், சர்க்கரை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் வேண்டாம். இரண்டு ரொட்டியோடு போதும் என்று சொல்லுங்கள். பசித்தால் மறுநாள் தாபாவில் சாப்பிடலாம், அதற்குத்தானே அந்த இரண்டாயிரம்? அது போதாது, ஐயாயிரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்த ஆள்தானே நீங்கள்.

அப்புறம், திரும்பி வந்து எழுதுவீர்கள், படம் போடுவீர்கள், தெரியும். லங்கரின் பெயரைப் போடுங்கள், மலையின் பெயரைப் போடுங்கள். சோறு போட்ட வீட்டின் ஊரையும் முகத்தையும் மட்டும் போடாதீர்கள். போட்டால் அடுத்த வாரமே அந்த வாசலில் பத்துப் பேர் பையோடு வந்து நிற்பார்கள்.