பாடமா, காலேஜ் பெயரா? பட்டியலைப் பூட்டும் முன் ஒரு பேச்சு

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். டெல்லி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பொருளாதாரம் என்றால் அவளுக்கு உயிர். சியூஇடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் உச்சத்தில் இல்லை. டெல்லி பல்கலைக்கழகம் சிமுலேட்டட் ரேங்க், அதாவது உத்தேச ரேங்க், போட்டிருக்கிறது. அதைப் பார்த்தால் வடக்கு வளாகத்தின் பெரிய காலேஜ் ஒன்றில் தத்துவம் ஹானர்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது. பொருளாதாரம்தான் வேண்டுமென்றால், அவ்வளவாகப் பேர் கேள்விப்படாத காலேஜ். "காலேஜ் பேர்தான் கடைசிவரை கூட வரும்" என்கிறார் அவள் அப்பா. அண்ணனும் அதையே சொல்கிறார். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ப்ரிஃபரன்ஸ் பட்டியலை மாற்ற நாளை மறுநாள் வரைதான் நேரம். என்ன செய்வது?
— ஒரு தாய், மயூர் விஹார்

பதில்: பொருளாதாரத்தை மேலே வையுங்கள் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன், வீட்டில் மற்ற இருவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் பட்டத்தைக் கொடுப்பது காலேஜ் இல்லை, பல்கலைக்கழகம். வடக்கு வளாகத்தில் படித்தாலும் தெற்கில் படித்தாலும் பொருளாதாரம் ஹானர்ஸுக்கு ஒரே பாடத்திட்டம், செமஸ்டர் முடிவில் ஒரே கேள்வித்தாள். ஆசிரியர், நூலகம், கூடப் படிக்கிறவர்கள், கேம்பஸ் வேலைவாய்ப்பு எல்லாம் காலேஜுக்குக் காலேஜ் மாறும்தான். அவை முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகள் தினமும் காலையில் எழுந்து படிக்கப்போவது பாடத்தை. 2022-இல் வந்த புதிய திட்டத்தில் ஒரு செமஸ்டருக்குப் படிப்பின் அளவு 22 கிரெடிட். முதல் மூன்று வருடமும் அதில் 12 கிரெடிட் முதன்மைப் பாடத்துக்கே போகிறது. அதாவது பாதிக்கு மேல். பிடிக்காத பாடத்தைப் பாதி வாரத்துக்கு மேல் சுமந்துகொண்டு மூன்று வருடம் ஓட்டுவது பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயமில்லை.

"தத்துவத்தில் சேர்ந்து, பொருளாதாரத்தை ஜெனரிக் எலக்டிவாக, அதாவது வேறு துறை விருப்பப் பாடமாக, எடுத்துக்கொள்ளலாமே" என்று அண்ணன் சொல்லக்கூடும். எடுக்கலாம். ஆனால் அது செமஸ்டருக்கு ஒரு தாள், 4 கிரெடிட். அந்தக் காலேஜ் எந்தத் தாளைத் தருகிறது, அதில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரே துறையில் ஏழு எலக்டிவ் எடுத்து 28 கிரெடிட் சேர்த்தால் அதை மைனராக, அதாவது துணைப் பாடமாகக் காட்டலாம், ஆனால் அதற்கு நான்காவது வருடமும் தேவைப்படும். ஹானர்ஸ் மாணவர்கள் வரிசையாகப் படிக்கும் மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் என்ற அடித்தளத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த எலக்டிவால் கட்ட முடியாது.

அடுத்து நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி: இந்தப் பாடத்தை விட்டால் பின்னால் எந்தக் கதவு மூடும்? சில வழிகளுக்கு எந்தப் பட்டமும் போதும். யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தத் துறையில் பட்டம் என்பது கணக்கில்லை. மூன்று வருட எல்எல்பிக்கும், எம்பிஏவுக்காக கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதுவதற்கும் அப்படித்தான். உங்கள் மகளின் கனவு இவற்றில் ஒன்றாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேச மாட்டேன். காலேஜ் பெயருக்குச் சாய்ந்திருந்தாலும் நஷ்டம் குறைவு. ஆனால் அவள் பொருளாதாரத்திலேயே மேலே போக நினைக்கிறாள் என்றால் கதை வேறு. இந்தியப் பொருளாதாரப் பணி, அதாவது ஐஇஎஸ் தேர்வுக்குப் பொருளாதாரத்திலோ அதை ஒட்டிய துறையிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்ஏ சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே கேட்கப்படுவது கணக்கும் பொருளாதாரமும். எந்தக் காலேஜில் படித்தாய் என்று அந்தக் கேள்வித்தாள் கேட்காது. இந்த இடத்தில் பாடம்தான் சாவி.

அவள் அப்பா சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரிய கன்சல்டிங் நிறுவனங்களும் வங்கிகளும் எல்லாக் காலேஜுக்கும் ஆள் எடுக்க வருவதில்லை. வருகிற சில காலேஜ்களில், எந்த ஹானர்ஸ் படித்தவரும் விண்ணப்பிக்க விடும் நிறுவனங்களும் உண்டு. மூன்று வருடத்தில் வேலை என்பதே குறி என்றால் அந்தக் காலேஜின் வேலைவாய்ப்புக் குழுவிடம் நேரடியாகக் கேளுங்கள்: போன வருடம் தத்துவம் படித்தவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? "அதிகபட்ச சம்பளம் இத்தனை லட்சம்" என்ற பேனரை நம்ப வேண்டாம், அது ஒரே ஒரு பையனுடைய சம்பளம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் காலேஜ்கள் கொடுக்கும் விவரத் தாளில் மீடியன் (நடுமட்டச்) சம்பளம், வேலை கிடைத்தவர்கள், மேல்படிப்புக்குப் போனவர்கள் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். காலேஜின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் அது முழுக் காலேஜுக்கான கணக்கு. 2024-இல் இந்து காலேஜ் முதலிடம் பிடித்தது என்றால், காலேஜ் முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்த இடம் அது. உங்கள் மகளின் வகுப்பறைக்கு யார் வரப்போகிறார்கள் என்று அந்த எண் சொல்லாது.

என் வீட்டுக் கதை ஒன்று. கட்-ஆஃப் பட்டியலைச் சுவரில் ஒட்டிய காலம் அது. என் தம்பிக்கு வணிகவியல் பிடிக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து, நானும்தான், "இந்தக் காலேஜில் கிடைக்கிறதே பெரிசு" என்று அவனுக்குப் பிடிக்காத ஒரு பாடத்தில் சேர்த்துவிட்டோம். காலேஜ் நல்ல காலேஜ்தான். முதல் வருடம் போனான். இரண்டாம் வருடம் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கமலா நகரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். எப்படியோ பட்டம் வாங்கி, அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பிகாம் படித்தான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேச மாட்டான். உங்கள் கடிதத்தில் "சரியாகச் சாப்பிடவில்லை" என்ற வரியைப் படித்ததும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, இரண்டு நாளில் செய்ய வேண்டியது. ப்ரிஃபரன்ஸ் பட்டியல் ஒரே ஒரு விதிப்படி வேலை செய்கிறது: மேலிருந்து கீழே பார்த்து, அவள் ரேங்குக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுக்கும். அதற்குக் கீழே உள்ளவை அதோடு போய்விடும். அதனால் வடக்கு வளாகத் தத்துவத்தை 5-ஆவதாகவும் தெற்கு வளாகப் பொருளாதாரத்தை 6-ஆவதாகவும் வைத்து, 5 கிடைத்தால், "இல்லை, எனக்கு 6 கொடுங்கள்" என்று கேட்க வழியில்லை. இதில்தான் பல வீடுகள் ஏமாறுகின்றன. அப்பாவைச் சமாதானப்படுத்த என்று மேலே வைக்கும் ஒரு வரி, மூன்று வருடத்தை முடிவு செய்துவிடும்.

இன்னொரு பக்கம், எட்டாது என்று தெரிந்த காலேஜை மேலே வைப்பதால் கீழே உள்ள இடம் கெட்டுப்போகாது. பயப்படாமல் அவள் ஆசைப்படும் காலேஜ்களின் பொருளாதாரத்தை எல்லாம் முதலில் வரிசையாகப் போடுங்கள். சிமுலேட்டட் ரேங்க் உத்தேசம்தான், உண்மையான சுற்றில் கொஞ்சம் மாறும். அதன் கீழே, கிடைக்கக்கூடிய காலேஜ்களின் பொருளாதாரம். எல்லாம் முடிந்த பிறகு தத்துவமோ வேறொன்றோ. பட்டியல் நீளமாக இருக்கட்டும், பத்து வரியோடு நிறுத்தாதீர்கள். இடம் ஒதுக்கப்பட்டதும் கெடுவுக்குள் ஏற்றுக்கொண்டு பணம் கட்டுங்கள். ஏற்காமல் விட்டால் வரிசையிலிருந்தே வெளியே போய்விடுவாள். அப்புறம் "அப்கிரேட்" கொடுத்தால் பட்டியலில் மேலே உள்ள இடத்துக்கு மட்டும் நகரும். நகர்ந்துவிட்டால் பழைய இடம் தானாக ரத்து, திரும்பக் கிடைக்காது.

பேர் கேள்விப்படாத அந்தக் காலேஜுக்கு நாளைக் காலையே அவளோடு ஒரு நடை போய் வாருங்கள். பொருளாதாரத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கணக்குத் தாள்களை நடத்துவது யார், மூன்றாம் வருட மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு காலேஜில் பொருளாதாரம் கிடைக்கும் நிலை வந்தால் போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். மயூர் விஹார்-1இலிருந்து தெற்கு வளாகத்துக்கு பிங்க் லைனில் ஏறினால் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் நிலையத்தில் இறங்கலாம், வண்டி மாற வேண்டாம். விஸ்வவித்யாலயா போக ப்ளூ லைனில் ராஜீவ் சவுக் வந்து, கூட்டத்தில் எல்லோ லைன் மாற வேண்டும். தினம் இரண்டு வேளை, மூன்று வருடம்.

கேள்வி: மகனுக்கு ஜேஏசி டெல்லி என்ற பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்கில் டெல்லி டெக்னலாஜிகல் யுனிவர்சிட்டியில் சிவில் கிடைக்கும் நிலை. ஐபி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். அவனுக்குத் தனியாக ஒரு ஆசை என்று எதுவும் இல்லை, நண்பர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் என்பதால் கம்ப்யூட்டர் என்கிறான்.
— ஜனக்புரி வாசகர்

பதில்: முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கே அப்படியே வைக்க முடியாது, ஏனென்றால் இங்கே விட்டுக்கொடுக்க ஒரு ஆசையே இல்லை. அவன் லீவில் தானாக உட்கார்ந்து ஏதாவது புரோகிராம் எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் கம்ப்யூட்டருக்குப் போகட்டும். கேம்பஸுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களில் சில, எந்தப் பிரிவு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று முன்பே வரையறுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். எழுதியதே இல்லை, நண்பர்கள் போகிறார்கள் என்பதுதான் காரணம் என்றால் அரசுப் பல்கலைக்கழகத்தை எடுங்கள். டெல்லியில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு அங்கே 85 சதவீத இடம் ஒதுக்கீடு இருப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. சிவில் படித்தவர்களுக்கு கேட் (GATE) என்ற பொறியியல் தேர்வு வழியாகப் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் படித்து வேறு துறையில் மைனர் வாங்க தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ இடம் தருகிறது. கம்ப்யூட்டர் மைனர் அங்கே நடத்தப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "முதல் வருடம் முடிந்ததும் பிராஞ்ச் மாற்றிவிடலாம்" என்ற நம்பிக்கையில் மட்டும் சேர்க்காதீர்கள். சிவிலோடு நான்கு வருடம் இருக்கச் சம்மதமா என்று அவனிடம் கேட்டு, ஆம் என்றால் சேருங்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, டெல்லிக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிஏ இடத்தை "பிளாக்" செய்ய 60,000 ரூபாய் கட்டினோம். ஏஜென்ட்டுக்குத் தனியாக 10,000. இப்போது மகளுக்கு டெல்லி பல்கலைக்கழகத்திலேயே விரும்பிய பாடம் கிடைத்துவிட்டது. பணமும் தர மாட்டேன் என்கிறார்கள், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா?
— ஆர்.கே. புரம் வாசகர்

பதில்: இரண்டு பணத்துக்கும் இரண்டு வழி.

பல்கலைக்கழகம் வாங்கிய 60,000க்குக் கன்ஸ்யூமர் கோர்ட் நல்ல வழியில்லை. கல்வி நிலையம் நடத்துவது நுகர்வோர் சட்டப்படியான "சேவை" ஆகாது என்று 2010-லும் 2012-லும் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையமும் அதே நிலையை எடுத்தது. அங்கே போய் வருடக்கணக்கில் நிற்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியிடம் போங்கள். 2018 அக்டோபரில் வந்த யுஜிசி அறிவிக்கைப்படி ஒரிஜினல் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகம் பிடித்து வைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். எழுத்து மூலம் விண்ணப்பித்த 15 நாளில் பணத்தைத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2024-25 ஆண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று யுஜிசி சொன்னது. இந்த வருடத் தேதியை யுஜிசி தளத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கு முன்பே விலகல் கடிதம் கொடுங்கள். போனில் சொன்னது கணக்கில்லை. மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, அப்புறம் ஓம்பட்ஸ்பெர்சன் என்ற மேல் குறைதீர்ப்பு அதிகாரி. கூடவே யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் போடுங்கள்.

ஏஜென்ட் கதை வேறு. அவர் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்தவர், நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார். "எப்போது வேண்டுமானாலும் முழுப் பணமும் திரும்பி வரும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் முதலில் மார்க் ஷீட். டெல்லி பல்கலைக்கழகத்தில் சரிபார்ப்புக்கு அது தேவைப்படும். விலகல் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் கேளுங்கள், பணத்தை இரண்டாவது வரியில் கேட்கலாம்.